ஓரெழுத்து மாறிய கருவி

தோட்டப்புறத்தில் ஒரு பொருள் பயனற்றுப் போவது பெரும்பாலும் அது பழுதாகிவிடுவதனால் அன்று. அதனோடு சேரவேண்டிய மற்றொரு சிறு பொருள் கிடைக்காமற் போவதனால்தான். மேண்டில் இல்லாத காஸ் விளக்கு, வால்வு இல்லாத மிதிவண்டிச் சக்கரம், பேட்டரி தீர்ந்துபோன வானொலிப் பெட்டி என்று லயத்து வீடுகளின் மூலைகளில் ஒரு காலத்தில் கிடந்தவற்றை எடுத்துத் துடைத்துப் பார்த்திருந்தால், அவற்றுட் பல நல்ல நிலையிலேயே இருந்தமை தெரிந்திருக்கும். குறை அவற்றினிடம் இல்லை. கடைக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த தொலைவில் இருந்தது. சிரம்பானுக்குப் போகிறவரிடம் சொல்லியனுப்புவார்கள். அவர் மறந்துவிட்டு வருவார். அடுத்த சம்பள நாள்வரை காத்திருப்பார்கள். அதற்குள் அந்தப் பொருளே மறந்துபோகும்.

அந்தத் தொலைவு இன்று பெரிதும் குறைந்துவிட்டது. லின்சம், சுவா பெத்தோங், கெர்பி, ஜெராம் பாடாங் என்று எந்தத் தோட்டமாயினும், கைப்பேசியில் கேட்ட பொருள் சில நாள்களில் வீட்டு வாயிலுக்கே வந்து சேருகிறது. ஆயினும் பழைய குறை வேறு வடிவம் எடுத்து நிற்கிறது. பொருளும் வருகிறது, அதனோடு சேரவேண்டியதும் வருகிறது, இரண்டையும் சேர்த்தால் ஒன்றையொன்று அறிந்துகொள்வதில்லை. முன்னைய தொலைவைப் பேருந்து குறைத்தது. இந்தத் தொலைவை எது குறைக்கும் என்பதைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் சற்றே எண்ணிப் பார்ப்பது தகும்.

இளைஞர் கைகளில் இப்போது ஒருவகை விளையாட்டுக் கருவி காணப்படுகிறது. உள்ளங்கையில் அடங்கும்; நடுவே சிறு திரை; இருபுறமும் பொத்தான்கள். பழைய விளையாட்டுகளை ஆடுவதற்கென்றே விற்கப்படுகிறது. பெற்றோர் அதனைப் பொம்மை என்றே கருதுகின்றனர். ஆசிரியர்களிற் பலரும் அவ்வாறே கருதிப் பிடுங்கி மேசையறைக்குள் வைக்கின்றனர். ஆனால் அதன் உள்ளே இருப்பது முழுமையான கணினி. அதை இயக்குவது, பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கி, பிறகு உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்த லினக்ஸ். கொரிய நாட்டு ஹார்ட்கர்னல் நிறுவனம் 2020-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒட்ராய்டு கோ அட்வான்ஸ், அதே ஆண்டில் சீனாவின் அன்பெர்னிக் நிறுவனம் வெளியிட்ட ஆர்.ஜி. 351பி ஆகிய இரண்டும் ஆர்.கே. 3326 என்னும் ஒரே வகைச் சில்லைக் கொண்டவை. இவற்றின் முதற்பதிப்புகளில் கம்பியில்லா இணைப்புக்குரிய பகுதி உள்ளே வைக்கப்படவில்லை. வைஃபை வேண்டுவோர் கட்டைவிரல் நகமளவுள்ள ஓர் இணைப்பியை வெளியே யூ.எஸ்.பி. வாயிலில் செருகிக்கொள்ள வேண்டும். கடைக்காரர் மொழியில் அதன் பெயர் டோங்கல்.

செருகினால் போதுமா என்பதே வினா.

கையில் அடங்கும் லினக்ஸ் கணினி என்பது புதிய எண்ணமன்று. அது விளையாட்டுக்காகப் பிறந்த எண்ணமும் அன்று. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த பேராசிரியர்களும் என்கோர் என்னும் நிறுவனத்தாரும் சேர்ந்து 1999-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தனர். எழுத்தறிவு குறைந்த சிற்றூர் மக்களும் பயன்படுத்தத்தக்க மலிவான கணினி ஒன்றை ஆக்குவது அவர்கள் நோக்கம். சிம்ப்யூட்டர் என்று பெயரிட்டு 2001 ஏப்ரலில் அதன் முன்மாதிரியை வெளியிட்டனர். 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, தொடுதிரை, லினக்ஸ் இயங்குதளம். ஊருக்கு ஒரு கருவி இருந்தாலும் போதும். ஒவ்வொருவரும் தம் தகவல்களைத் தாங்கிய ஒரு சிறு அட்டையைச் செருகித் தம்முடையதாக ஆக்கிக்கொள்ளலாம் என்பது அதன் அழகிய பகுதி. 2004-இல் அமிடா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 2005 வரை ஏறத்தாழ நாலாயிரமே விற்றதாகக் கணக்கு. அதற்குள் கைப்பேசி ஊரெங்கும் பரவிவிட்டது.

சிம்ப்யூட்டர் தோற்றது என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அக்கூற்று பாதியே உண்மை. கருவியின் அறிவு குறைவுபடவில்லை. சிற்றூரிலிருந்து உலகுக்குச் செல்லும் வழி அன்று தொலைபேசிக் கம்பியாகவே இருந்தது. கம்பியோ சிற்றூருக்கு வரவில்லை. கைப்பேசி தன் வழியைத் தானே சுமந்துகொண்டு வந்ததனால் வென்றது. இன்றைய விளையாட்டுக் கருவிக்கும் இதுவே நிலை. இணைப்பு கிடைத்தால் கணினி; கிடைக்காவிட்டால் பொம்மை. இரண்டுக்கும் இடையில் நிற்பது அந்த நகமளவுப் பொருள்.

ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடையே உள்ள ஒரு தோட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறினால் செய்தி விளங்கும். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபின், பள்ளிகள் மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. சபா மாநிலத்தில் ஒரு மாணவி இணையத்தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி ஓர் இரவைக் கழித்த செய்தியை நாடே பேசிய காலம் அது. இத்தோட்டத்தில் மரம் ஏறவேண்டிய நிலை இல்லை. கோயில் திடலில் நின்றால் கைப்பேசிக்கு அலை கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு ஒரு கைப்பேசிதான் இருந்தது. இரண்டாம் படிவத்தில் பயின்ற ஒரு மாணவன், தன் தங்கைக்கு அந்தக் கைப்பேசியை விட்டுக்கொடுத்துவிட்டு, சிற்றப்பன் மகனிடமிருந்து வந்த பழைய விளையாட்டுக் கருவியில் பாடம் படிக்க இயலுமா என்று கேட்டுத் தன் பழைய தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் வந்தான். அவர் சிரம்பானுக்குச் சென்றிருந்தபோது ஓர் இணைப்பியை வாங்கிவந்து கொடுத்தார். பெட்டியின்மேல் ‘லினக்ஸில் இயங்கும்’ என்று அச்சிடப்பட்டிருந்தது.

செருகினான். ஒன்றும் நிகழவில்லை.

அவ்வேளையில் தோட்டத்தில் எல்லாரும் சொல்வது ஒன்றே: “மலிவுப் பொருள், தம்பி. வேறு வாங்கு.” மலிவைக் குற்றம் சொல்லிவிட்டால் சிந்திக்கும் வேலை முடிந்துவிடுகிறது. ஆசிரியர் அவ்வாறு சொல்லவில்லை. “அது என்ன சொல்கிறது என்று பார்த்தாயா?” என்று கேட்டார். “ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா” என்றான் அவன். திரையில் ஒன்றும் தோன்றாததனால் கருவி பேசவில்லை என்று அவன் எண்ணினான். உண்மையில் அது பேசியிருந்தது. பேசிய இடம் வேறு.

யூ.எஸ்.பி. வாயிலில் எந்தக் கருவியைச் செருகினாலும் அது முதலில் தன்னை அறிவித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. இந்தியாவிற் பிறந்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட் முதலியோர் முயற்சியால் 1996-இல் வெளிவந்த அந்த முறையின் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று. கருவி இரண்டு எண்களைச் சொல்லும். ஒவ்வொன்றும் நான்கு குறிகள் கொண்டது. முதல் எண் ஆக்கிய நிறுவனத்தைச் சுட்டும். இரண்டாவது அந்நிறுவனத்தின் எந்தப் பொருள் என்பதைச் சுட்டும். குலப்பெயர், இயற்பெயர் என்று கொள்ளலாம். இவ்வெண்கள் பதினாறை அடியாகக் கொண்டவை. ஆதலின் ஒன்பதுக்கு மேற்பட்ட மதிப்புகளை ஏ முதல் எஃப் வரையுள்ள ஆங்கில எழுத்துகள் குறிக்கும். எல்.எஸ்.யூ.எஸ்.பி. என்னும் கட்டளையை இட்டால் லினக்ஸ் இவற்றைத் திரையில் காட்டிவிடும்.

கட்டளையிட விசைப்பலகை வேண்டும். கருவியிலோ பொத்தான்களே உள்ளன. ஒரு யூ.எஸ்.பி. பிரிப்பியை இணைத்து, அதில் பள்ளியின் பழைய விசைப்பலகையையும் இணைப்பியையும் ஒருங்கே செருகினர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரே வாயில் மின்னேற்றத்துக்கும் பயன்படுவதனால், கருவி தான் விருந்தினனா விருந்தளிப்பவனா என்பதை அறியவேண்டும். அதற்குரிய இணைப்பு முனையின் உள்ளே ஒரு சிறு அடையாளம் வைக்கப்பட்டிருக்கும். அது இல்லாத வெறும் கம்பியைக் கொண்டு இணைத்தால், கருவி தன்னை விருந்தினன் என்றே எண்ணிக்கொண்டு மின்சாரத்துக்காகக் காத்திருக்கும். பலருடைய முயற்சி இந்த முதற்படியிலேயே நின்றுவிடுகிறது.

திரையில் வந்த எண்களை மாணவன் ஏட்டில் எழுதிக்கொண்டான். முதல் எண் சுழியம், பி, டி, ஏ. அது தைவானின் ரியல்டெக் நிறுவனத்துக்கு உரியது. பெட்டியின்மேல் இருந்த பெயரோ வேறு. பெட்டிமேல் உள்ள பெயர் விற்பவர் பெயர். உள்ளே உள்ள சில்லின் பெயரே கருவியின் மெய்ப்பெயர். ஒரே பெட்டி, ஒரே வடிவம், ஒரே விலையில் இவ்வாண்டு ஒரு சில்லும் மறு ஆண்டு வேறொரு சில்லும் வைத்து விற்பது இவ்வணிகத்தில் இயல்பு. இரண்டாவது எண் எஃப்179. அவன் கருவிக்கு ஏற்றதென்று பலர் கூறியிருந்த இணைப்பியின் எண் 8179. முதற்குறி ஒன்றே வேறுபாடு.

தமிழ் கற்பிப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அரம் வேறு, அறம் வேறு. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்று பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டிவந்த ஆசிரியருக்கு, அந்த இரண்டு எண்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. 8179 என்பது 8188இ.யூ. என்னும் சில்லு, எஃப்179 என்பது 8188எஃப்.டி.வி. என்னும் பிற்காலச் சில்லு. இரண்டும் ஒரே குடும்பம். பேச்சு மட்டும் வேறு.

அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள லினக்ஸின் உட்கருவாகிய கெர்னலுக்கு ஓர் இடையாள் தேவை. இயக்கி என்று அதற்குப் பெயர். பழைய தோட்டங்களில் துரையின் ஆங்கிலத்துக்கும் தொழிலாளியின் தமிழுக்கும் நடுவே கிராணி நின்றதை முதியோர் அறிவர். கிராணி இல்லாத நாளில் துரையும் இருப்பார், தொழிலாளியும் இருப்பார், வேலை மட்டும் நடவாது. மாணவனின் கருவியில் இருந்தது 4.4 என்னும் கெர்னல் பதிப்பு. அது 2016 ஜனவரியில் வெளிவந்தது. 8179-க்குரிய இயக்கி அதில் உண்டு. எஃப்179-க்குரிய இயக்கி லினக்ஸ் கெர்னலில் இடம்பெற்றதோ 2023-இல் வெளிவந்த 6.2 பதிப்பில்தான். ஆக, புதிதாக வாங்கிய நல்ல பொருள் ஊமையாக இருந்ததற்குக் காரணம் அதன் மலிவு அன்று. அது கெர்னலைவிட இளையதாக இருந்தமையே. வேறு வாங்கு என்ற அறிவுரையை ஏற்று இன்னும் புதிய, இன்னும் விலையுயர்ந்த ஒன்றை வாங்கியிருந்தால், அதுவும் ஊமையாகவே இருந்திருக்கக்கூடும். இவ்விடத்தில் பழையதே நல்லது. விளம்பரங்கள் இதைச் சொல்லமாட்டா.

கெர்னலையே புதுப்பிக்கலாகாதா என்று வினவலாம். மேசைக் கணினியில் எளிது. இத்தகைய கைக்கருவிகளிலோ, சில்லை ஆக்கியவர் ஒரு பதிப்பை எடுத்துத் தமக்கேற்பத் திருத்தித் தந்துவிட்டு அத்துடன் நின்றுவிடுவது வழக்கம். 4.4 பதிப்பைப் பேணும் பணி 2022 பிப்ரவரியில் முடிவுற்றது. கருவிகள் அதிலேயே நிற்கின்றன. வேண்டிய இயக்கியைத் தனியே தொகுத்துச் சேர்க்க வழியுண்டு. ஆனால் அந்தக் கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகள் கிடைக்கவேண்டும், ஆர்ம் வகைச் சில்லுக்கென்றே தொகுக்கவேண்டும். பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது பெருஞ்சுமை. வேறோர் இணைப்பியைத் தேடுவதே அறிவுடைமை.

பள்ளியின் பொருளறையில் தேடியபோது, ஒரு பழுதான கணினியோடு வந்த பழைய இணைப்பி ஒன்று கிடைத்தது. எண் 8179. செருகியவுடன் கெர்னல் அதைப் பெயர்சொல்லி அழைத்தது, இயக்கியும் எழுந்தது. ஆயினும் இணைப்பு வரவில்லை.

இம்முறை மாணவன் மற்றவரைக் கேட்கவில்லை. கெர்னல் தன் நாட்குறிப்பில் எழுதிவைப்பதை எடுத்துக்காட்டும் டிமெசேஜ் என்ற கட்டளையை இட்டான். ஆங்கில வரிகள் திரையில் ஓடின. கடைசி வரிகளை அகராதி துணையுடன் படித்தான். ஒரு கோப்பைக் கேட்டதாகவும், அது கிடைக்கவில்லை என்றும், பிழை எண் குறை 2 என்றும் அவை கூறின. குறை 2 என்றால் அத்தகைய கோப்பு இல்லை என்பது பொருள். கருவி உடைந்துவிட்டது என்பதற்கும் கோப்பு இல்லை என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! முன்னது ஒரு முடிவு. பின்னது ஒரு முகவரி.

அந்தக் கோப்பு ஃபர்ம்வேர் எனப்படுவது. இணைப்பிக்குள் இருக்கும் சில்லுக்கு நினைவு நிலைப்பதில்லை. மின்சாரம் நின்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஒவ்வொரு முறை எழும்போதும் அது செய்யவேண்டிய வேலையைக் கணினி அதனுள் ஏற்றவேண்டும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் நின்று, இன்று எந்த நிரை, எந்த வேலை என்று கேட்டபின்பே தொழிலாளர் காட்டுக்குள் சென்றனர் அல்லவா? அக்கட்டளைதான் ஃபர்ம்வேர். கிராணி வந்துவிட்டார், கட்டளைச் சீட்டு வரவில்லை என்ற நிலை.

இருபது கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு அது. பள்ளிக் கணினியில் அதை இறக்கிக்கொண்டார்கள். கருவியின் நினைவட்டையைக் கழற்றிப் பள்ளிக் கணினியில் செருகினால், விண்டோஸ் அதன் ஒரு பகுதியை மட்டுமே காட்டியது. லினக்ஸ் தன் உடைமைகளை வைத்திருந்த பகுதி அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்த பகுதியில் கோப்பை இட்டு, அட்டையைத் திரும்பச் செருகி, உள்ளே சென்று ஃபர்ம்வேர் அடைவில் ரியல்டெக்குக்குரிய இடத்துக்கு நகலெடுத்தார்கள். மீண்டும் இயக்கியதும் இணைப்பியின் நீல விளக்கு சிமிட்டியது. அருகிலிருந்த வலைகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றின. அம்மாவின் கைப்பேசி மட்டும் அவ்வரிசையில் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் இணைப்பைப் பரப்பிக்கொண்டிருந்தது. இந்த இணைப்பிக்கோ 2.4 மட்டுமே கேட்கும். கைப்பேசியின் அமைப்பில் ஒரு தெரிவை மாற்றியதும் அதுவும் வரிசையில் சேர்ந்தது.

இனித்தான் உண்மையான சோதனை. இணைப்பு வரும், பத்து நிமிடத்தில் அறுந்துவிடும். பிடுங்கிச் செருகினால் வரும், மறுபடி அறுந்துவிடும். பக்கத்து லயத்தில் மின்பணி தெரிந்த ஓர் இளைஞர் இருந்தார். அவர் பார்த்துவிட்டு, “மின்சாரம் போதவில்லை, தம்பி. பேட்டரி எவ்வளவு தாங்கும்?” என்றார். அக்கருத்தில் நியாயம் இருந்தது. கருவியின் பேட்டரி ஏறத்தாழ 3.7 வோல்ட், யூ.எஸ்.பி. வாயிலுக்கோ 5 வோல்ட் வேண்டும். உள்ளே ஒரு சுற்று அதை உயர்த்தித் தருகிறது. யூ.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு கருவி 500 மில்லியாம்பியர் வரை கேட்கலாம். இணைப்பி அலையை வெளிவிடும் கணத்தில் மின்னோட்டம் எகிறும். தாங்காவிட்டால் வாயில் சாய்ந்துவிடும். தனி மின்சாரம் பெறும் பிரிப்பியைப் பயன்படுத்துமாறு அவர் கூறினார். செய்தார்கள். கையடக்கக் கருவி சுவரோடு கட்டப்பட்ட கருவியாயிற்று. அப்போதும் இணைப்பு அறுந்தது.

மாணவன் இரண்டு நாள் ஏட்டில் நேரங்களைக் குறித்தான். பிறகு ஆசிரியரிடம் வந்து சொன்னது நினைவில் வைக்கத்தக்கது. “ஐயா, கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒருமுறைகூட அறுபடவில்லை. சும்மா வைத்திருக்கும்போதுதான் அறுபடுகிறது.”

இந்த ஒரு வாக்கியம் பல மணி நேரப் பாடத்துக்கு ஈடாகும். மின்சாரம் போதாமல் அறுவதாயின், கடும் வேலையின்போதல்லவா அறவேண்டும்? ஓய்விலிருக்கும்போது அறுகிறதென்றால், காரணம் களைப்பன்று, உறக்கம். அவன் மேலும் ஒன்று செய்தான். பிங் என்ற கட்டளையால், தொலைவிலுள்ள ஒரு கணினியை நொடிக்கொரு முறை ‘இருக்கிறாயா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கச் செய்தான். அந்த இரவு முழுதும் இணைப்பு அறுபடவில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இணைப்பியைத் தூங்கவைக்கும் ஏற்பாடு இயக்கியிலேயே உண்டு. தூங்கியது விழிக்கத் தவறியதே குறை. இந்தச் சில்லைப் பயன்படுத்துவோர் பலரும் கண்ட குறை அது. அந்த ஏற்பாட்டை நிறுத்தும் ஒரே வரியை, இயக்கிகளுக்குரிய அமைப்புக் கோப்பில் எழுதிச் சேமித்தான். மின்பணி தெரிந்த இளைஞர் வந்து அந்த வரியைப் பார்த்துவிட்டு, “அண்ணனுக்கும் இதைக் கொஞ்சம் சொல்லிக்கொடு” என்று அருகில் அமர்ந்துகொண்டார். சுவரிலிருந்து கருவி விடுதலை பெற்றது.

இந்த இயக்கிகளை எழுதுபவர் யார் என்ற வினாவையும் விட்டுவிடலாகாது. சில்லை ஆக்கும் நிறுவனங்கள் லினக்ஸுக்குரிய மூலத்தைச் சில வேளைகளில் தருகின்றன. தந்தபின் கெர்னல் மாறுந்தோறும் அதைத் திருத்துவது பெரும்பாலும் மற்றவர் தலையில் விழுகிறது. ரியல்டெக் கருவிகளுக்காக இப்பணியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செய்தவர் அமெரிக்கரான லாரி ஃபிங்கர். கனிமப் படிகங்களை ஆராய்ந்த அறிவியலாளர் அவர். கணினி நிறுவனம் எதிலும் ஊழியர் அல்லர். ஓய்வுக் காலத்தில் வைஃபை இயக்கிகளைத் திருத்தத் தொடங்கி, லினக்ஸ் கெர்னலுக்கு ஆயிரத்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட திருத்தங்களை அளித்து, 2024 ஜூனில் தம் 84-ஆம் வயதில் மறைந்தார். எங்கோ இருந்த முதியவர் ஒருவரின் உழைப்பும் சேர்ந்தே, செம்பனைக் காட்டின் நடுவே ஒரு நீல விளக்கு எரிய வழி செய்தது. ஊதியம் இல்லை, அறிமுகமும் இல்லை.

மலேசியத் தமிழர்க்கு இந்த முறை அந்நியமானதன்று. ஐம்பதுகளின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்து நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் சேர்த்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. லினக்ஸும் அவ்வாறு சேர்ந்ததே; வெள்ளிக்குப் பதிலாக வரிகள். வேறுபாடு ஒன்றுண்டு. பங்குப்பணம் செலுத்தியவருக்கே கூட்டுறவில் உரிமை. இங்கோ ஒன்றும் செலுத்தாதவனும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்வோர் மிகப் பலர், இடுவோர் சிலர். தமிழர் பெரும்பாலும் முன்னவர் கூட்டத்திலேயே இருக்கின்றனர் என்பது கசப்பான உண்மை. 1985-இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை முத்து நெடுமாறன் ஆக்கிய மண் இது. 2001-இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திய நாடு இது. இங்கே இன்னும் கணினி வகுப்பு என்றால் பொத்தானை அழுத்தக் கற்பிப்பது என்ற அளவிலேயே பல இடங்களில் நிற்பது வருந்தத்தக்கது. பிழைச்செய்தி தோன்றியவுடன் அதை மூடிவிடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். மூடப்படுவது அந்தப் பிள்ளை படித்திருக்க வேண்டிய பத்தி.

இணைப்பு நிலைத்தபின் அவன் என்ன செய்தான் என்பதையும் சொல்லவேண்டும். முதலில் விளையாட்டுகளையே இறக்கினான். அதில் வியப்பில்லை, குற்றமும் இல்லை. பாடக் காணொலிகளை அந்தக் கருவி திணறித் திணறியே காட்டியது. கல்வி அமைச்சின் இணைய வகுப்புகளுக்கு அது ஏற்றதன்று என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. ஆனால் படிப்பதற்கு அது நன்றாகவே பயன்பட்டது. 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து சில நூல்களை எழுத்துக் கோப்பாக இறக்கினான். திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள். தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்த்தபின் எழுத்து வந்தது. கொம்பு மட்டும் மெய்க்குப் பின்னால் வந்து நின்றது. ஒருங்குறியில் கொம்பு, மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. திரையில் முன்னே கொண்டுவந்து நிறுத்துவது வேறொரு மென்பொருளின் வேலை. அவ்வேலையைச் செய்யாத வாசிப்பு நிரலை அகற்றி, செய்கிற ஒன்றை நிறுவ இரண்டு மாலைகள் ஆயின. தமிழெழுத்தில் கொம்பு எங்கே எழுதப்படுகிறது, எங்கே ஒலிக்கப்படுகிறது என்பதை அவனைப்போல் உணர்ந்து சொன்ன மாணவர் அப்பள்ளியில் அதற்கு முன் இருந்ததில்லை என்று ஆசிரியர் பிறரிடம் கூறுவதுண்டு.

ஓராண்டுக்குப்பின் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது, அவன் எழுதிய அந்த ஒரு வரி அழிந்துபோய், இணைப்பு பழையபடி அறுபடத் தொடங்கியது. ஏடு இருந்தது. ஐந்து நிமிடத்தில் வரி திரும்ப எழுதப்பட்டது. அந்த ஏட்டில் இப்போது தேதி, எண், கெர்னல் தந்த செய்தி, அதன் தமிழ்ப்பொருள், செய்த திருத்தம் என ஐந்து பத்திகள் உள்ளன. மூன்றாவது பத்திக்கும் நான்காவதுக்கும் இடையில் பல அடித்தல் திருத்தங்கள். ‘ஹோஸ்ட்’ என்பதற்கு முதலில் ‘முதலாளி’ என்று எழுதி, அடித்து, ‘விருந்தளிப்பவன்’ என்று மாற்றியிருக்கிறான்.

ஊமையாக இருந்த முதல் இணைப்பி ஆசிரியரின் மேசையறையிலேயே கிடந்தது. 2023-இன் பிற்பகுதியில் பள்ளியின் பழைய மேசைக் கணினி ஒன்றில், 6.2 கெர்னலைக் கொண்ட லினக்ஸை மாணவர் மூவர் நிறுவினர். அந்தக் கணினிக்கும் வைஃபை இல்லை. ஆசிரியர் மேசையறையைத் திறந்து, எஃப்179 என்று மைக்கோலால் எழுதி ஒட்டியிருந்த பொருளை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் அதைச் செருகுவதற்கு முன், எல்.எஸ்.யூ.எஸ்.பி. கட்டளையைத் திரையில் தயாராக வைத்துக்கொண்டு, ஏட்டையும் விரித்துவைத்தனர். இணைப்பியின் விளக்கு உடனே எரிந்தது. இருந்தபோதிலும் எண்களை எழுதிக்கொண்ட பிறகே வலையின் கடவுச்சொல்லைக் கேட்டனர்.